தொடங்கியாச்சு, போடு

புதுத் தீப்பெட்டி வாங்கினால் முதல் குச்சியை மாமிதான் உரச வேண்டும். நாள்காட்டித் தாளைக் காலையில் மாமிதான் கிழிக்க வேண்டும். டீக்கடையிலிருந்து வடைப் பொட்டலம் வந்தால் நூலை அவிழ்ப்பது மாமி. நாம் முந்திக்கொண்டு “என்ன மாமி, சுகமா?” என்று கேட்டுவிட்டால் பதில் வராது. கண்ணாடியைத் துடைப்பார், கைப்பைக்குள் எதையோ தேடுவார். பிறகு அப்போதுதான் நம்மைப் பார்த்தவர் போலத் தலையைத் தூக்கி, “என்னடீ, சௌக்யமா?” என்று தன் பக்கத்திலிருந்து தொடங்குவார். அதற்கு நாம் பதில் சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால்தான் அன்றைய பேச்சு பேச்சாகும்.

மலையாள மண்ணில், சாலை என்ற கடைத்தெருவில், அண்ணாச்சியின் மொத்த மளிகைக் கடையில் நான் பில் போட்டுக்கொண்டிருந்தேன். மாமி கணக்கு. உள்ளே கண்ணாடித் தடுப்புக்குள் இருந்த பெரிய கம்ப்யூட்டர் அவருக்கு. வெளியே மல்லி மூட்டைக்கும் புளி மூட்டைக்கும் நடுவில் ஒரு சின்னது எனக்கு. மாமி கரமனை அக்ரகாரத்தில் பிறந்தவர். ஆனால் அங்கே இல்லை. மணக்காட்டில் ஒரு வீட்டின் பின்பக்கத்தை வாடகைக்கு எடுத்துத் தனியாக இருந்தார். கணவருக்கு நாசிக்கில் வேலை என்பார். “எங்காத்து மாமா அடுத்த ஓணத்துக்கு வரார்” என்று, யாரும் கேட்பதற்கு முன்னால் அதையும் அவரே தொடங்கிச் சொல்லிவிடுவார். ஓணங்கள் வந்தன. மாமா வந்து நான் பார்த்ததில்லை. மாமியின் நெற்றிக் குங்குமம் மட்டும் எப்போது பார்த்தாலும் இப்போதுதான் வைத்ததுபோல இருக்கும்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எனக்கு அந்த நாற்காலி பெரிய இடம். பெரிய இடம் என்பதாலேயே அது என்றைக்குப் போகும் என்ற பயத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பில்லில் ஒரு சைபர் கூடிவிட்டதோ, பருப்புக்குப் பதில் பயறு என்று அடித்துவிட்டேனோ, வீட்டில் அடுப்பை அணைத்தேனோ என்று மனம் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவிக்கொண்டே இருக்கும். சாயங்காலம் கடை பூட்டின பிறகும் திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பேன். மாமி அதைக் கண்டுவைத்திருந்தார். “நீ கேக்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன் கேட்டோ, பூட்டியாச்சு” என்பார். ஒருமுறை நிஜமாகவே ஒரு ஓட்டல்காரருக்கு மூட்டைக் கணக்கில் ஒரு சைபரைக் கூட்டிப் போட்டுவிட்டேன். அண்ணாச்சி பார்ப்பதற்கு முன்னால் மாமி உள்ளே அதை அழித்துவிட்டுக் கண்ணாடியைத் தட்டி, “பயப்படாதே, இல்லாம ஆக்கிட்டேன்” என்றார். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அந்தக் கம்ப்யூட்டரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் மாமியைச் சொல்ல முடியாது. கடையின் சரக்கு, விலை, வாடிக்கைக்காரர்கள் எல்லாம் அதற்குள் ஒரு கிடங்கில் இருந்தன. டேட்டாபேஸ் என்பார்கள். அந்தக் கிடங்கைத் திறந்து, கேட்டவர்களுக்குக் கேட்டதை எடுத்துக் கொடுக்க ஒரு காவல்காரன் உண்டு. அவன்தான் சர்வர். கம்ப்யூட்டரைப் போட்டால் மற்றதெல்லாம் எழுந்துவிடும், இவன் மட்டும் எழமாட்டான். தனியாக ஒரு சின்னச் சன்னலைத் திறந்து, ஸ்டார்ட் என்ற பொத்தானை அமுக்கி, சிவப்புப் புள்ளி பச்சையாகும்வரை காத்திருக்க வேண்டும். பச்சையாகாமல் நான் என் கம்ப்யூட்டரைப் போட்டால், தொடர்பு இல்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்து நிற்கும். அந்த வரியைக் கண்டாலே என்னால்தான் ஏதோ கெட்டுப்போயிற்று என்று தோன்றும். அதனால் உள்ளேயிருந்து மாமி குரல் கொடுக்கும்வரை என் சுவிட்சை நான் தொடவே மாட்டேன். குரல் எல்லா நாளும் ஒன்றுதான்.

“தொடங்கியாச்சு, போடு.”

காலையில் அண்ணாச்சி ஷட்டரைத் தூக்கி, மெயின் சுவிட்சைப் போட்டு, பிள்ளையார் படத்துக்கு ஊதுபத்தி காட்டுவார். பிறகு எல்லோரும் காத்திருப்போம். மாமி வரும் பஸ் ஒருநாளும் நேரத்துக்கு வராது. சரக்கெடுக்க வந்த கடைக்காரர்கள் வாசலில் நிற்பார்கள். பில் வராமல் மூட்டையைத் தூக்க முடியாது என்று சுமட்டுக்காரர்கள் தலைத்துண்டை விரித்து உட்கார்ந்துவிடுவார்கள். “சூரியன் உதிச்சு. மாமி உதிச்சில்லா” என்று அவர்களில் மூத்த சேட்டன் சொல்வதும் எல்லோரும் சிரிப்பதும் தினமும் நடக்கும். மாமி வருவார். செருப்பைச் சுவரோரம் சேர்த்து விடுவார். யார் முகத்தையும் பார்க்காமல் உள்ளே போய், கையைத் துடைத்து, கண்ணை மூடித் திறந்து, ஒரு விரலால் அமுக்குவார். அந்த நேரத்தில் கடையே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். எனக்குத் தெரிந்து வேறு யார் வரவுக்கும் சாலையில் இப்படி ஒரு நிசப்தம் விழுந்ததில்லை.

இதற்குக் காரணம் அண்ணாச்சி. கம்ப்யூட்டர் கடைக்கு வந்த முதல் நாள் மாமிதான் அதைத் தொடங்கினாராம். அன்று சாயங்காலமே மிளகாய் வத்தல் விலை ஏறியதாம். அப்போது கிடங்கு நிறைய வத்தல் கிடந்ததாம். அன்றிலிருந்து அது கைராசி. முதல் வியாபாரத்தை இங்குள்ள மலையாளிகள் கைநீட்டம் என்பார்கள், தமிழர்கள் நாங்கள் போணி என்போம். எந்தப் பெயரில் சொன்னாலும் அண்ணாச்சிக்கு அது மாமி விரலில் இருந்தது.

ஒரு மழைக்காலத்தில் மணக்காடு முழுக்கத் தண்ணீர் நின்று மாமியின் பஸ் நடுவில் மாட்டிக்கொண்டது. ஓணத்துக்கு முந்தின வாரம், வாசல் நிறையக் கூட்டம். அண்ணாச்சி போன் போட்டார்.

“மாமி, எதை அமுக்கணும்னு சொல்லுங்க. இந்தப் பிள்ள அமுக்கிருவா.”

மாமியின் குரல் போனுக்கு வெளியேயும் கேட்டது. “போன்ல சொல்லி வர்ற காரியமில்லை அண்ணாச்சி. கையால தொடங்கணும். அதுவும் அவ கையாலயா? நன்னாயிருக்கு!”

முதல் பில்லை அண்ணாச்சி எழுத, இரண்டாவதிலிருந்து நான் கையால் எழுதத் தொடங்கினேன். மாமி முழங்கால்வரை நனைந்து வந்து சேர்ந்தபோது உச்சிப் பொழுது. சுமட்டுக்காரர்கள் கைதட்டினார்கள். அவர் புடவைத் தலைப்பைப் பிழிந்துவிட்டு உள்ளே போய் அமுக்கினார். அண்ணாச்சி கையெடுத்துக் கும்பிட்டார்.

அன்று ஷிபுவும் கடையில் இருந்தான். கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற மலையாளிப் பையன். பாதி கடைத்தெருவுக்கு அவன்தான் வைத்தியர். “எந்தினா அண்ணாச்சி இந்தக் கஷ்டம்?” என்றான். “ஒரு செட்டிங் மாத்தினா மதி, அது போதும். கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போ சர்வரும் தன்னே ஆன் ஆகும். மாமி வரவேண்டா, யாரும் வரவேண்டா.”

அண்ணாச்சி அவனைப் பார்த்த பார்வையில் அவன் கையிலிருந்த டீ ஆறிவிட்டது. “தன்னால தொடங்குனா அது யாரு கைராசிலே? போற வார பேயி தொடங்குனாலும் தெரியாதுல்லா? வாய மூடிட்டு டீயக் குடி.”

கண்ணாடிக்குள்ளிருந்து மாமி சிரித்தார். மாமி பல் தெரியச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒருநாள்தான்.

என் கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கல்யாணமான மறுவருஷமே என் வீட்டுக்காரர் மஞ்சள் காமாலையில் போய்விட்டார். அதனால் என் கை ஆகாது என்று அண்ணாச்சி வாய்விட்டுச் சொன்னதில்லை. முதல் பில்லை மட்டும் மாமியிடம் போடச் சொல்லிவிட்டு, இரண்டாவதிலிருந்து எனக்குத் தருவார். மாமிதான் சொல்வார். திட்டுகிற மாதிரி இல்லை, உளுந்தின் இன்றைய விலையைச் சொல்கிற மாதிரி. புதுப் பேப்பர்க் கட்டைப் பிரிண்டரில் வைக்கப் போனால், “நகரு, நான் வைக்கறேன். உன் கை வேண்டாம்.” விளக்குத் திரியைத் தூண்டப் போனால், “நீ விடு.” ஒருமுறை கேட்டேவிட்டேன்.

“ஏன் மாமி, என் கை அப்படி என்ன செஞ்சிரும்?”

“நீ ஒண்ணும் செய்யலைடீ. உன் மேல குத்தமே இல்லை. ஆனா கை கைதான்.”

நல்லவிதமாகச் சொன்ன சொல்தான். அதனால்தான் இன்னும் அறுக்கிறது. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கோபப்பட்டு மறந்திருப்பேன். அன்று வீட்டுக்குப் போய், குழாயடியில் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ராசி கெட்டது எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. அது தெரியாததால் இன்னும் பயமாக இருந்தது.

ஓர் ஆடி மாதம் மாமி திடீரென்று லீவு எடுத்தார். வடக்கே மாமாவுக்கு உடம்பு சரியில்லை, பார்த்துவிட்டு வருகிறேன் என்று ஷிபுவைக் கடைக்கு அனுப்பினார். அத்தனை நாளும் ஷிபுதான் காலையில் வந்து சர்வரைத் தொடங்கிக் கொடுத்தான். அண்ணாச்சி அரை மனத்தோடு இருந்தார். மாமி திரும்பி வந்தபோது கொஞ்சம் மெலிந்திருந்தார். குங்குமம் முன்னைவிடப் பெரிதாக இருந்தது. “மாமா தேறிட்டார்” என்றார், யாரும் கேட்பதற்கு முன்னால்.

அதற்குப் பிறகு சில மாற்றங்கள். அப்போது எனக்கு அவை ஒன்றோடொன்று சேரவில்லை. நாள்காட்டித் தாளை, “நீங்களே கிழிங்கோ அண்ணாச்சி, எனக்கு எட்டலை” என்றார். அதுவரை எட்டியதுதான். முதல் பில்லையும், கண் மங்குகிறதென்று, அண்ணாச்சியையே போடவைத்தார். வடைப் பொட்டலத்தின் நூலை அவிழ்க்கச் சுமட்டுக்காரச் சேட்டனிடம் நீட்டினார். நான் பேப்பர்க் கட்டை எடுத்தால் “நகரு, நான் வைக்கறேன்” என்று சொல்வதில்லை. “நீ வைக்காதே, வேற யாராவது வைக்கட்டும்” என்றார். வயதாகிறது, அலுப்பு என்று நினைத்தேன். காலையில் கண்ணாடி வழியாகப் பார்ப்பேன். திரையின் பொத்தானை அமுக்குவார், உட்காருவார், இரண்டு கையையும் புடவைத் தலைப்புக்குள் வைத்துக்கொள்வார், உதடு அசையும். பிறகு குரல் வரும். “தொடங்கியாச்சு, போடு.” விரல் எப்போது அமுக்கிற்று என்று நான் கண்டதேயில்லை. பழகிய கை, கண்ணுக்குத் தெரியாத வேகம் என்று எண்ணிக்கொண்டேன்.

அந்த வருஷம் நவராத்திரி வந்தது. இங்கே பூஜை வைப்பது பெரிய காரியம். அஷ்டமி சாயங்காலம் புத்தகம், பேனா, தராசு, எடைக்கல் எல்லாவற்றையும் சரஸ்வதி படத்தின் முன்னால் வைத்துவிட்டால், விஜயதசமி காலையில் பூஜை எடுக்கும்வரை யாரும் தொடக்கூடாது. அண்ணாச்சி மாமியின் கம்ப்யூட்டரையும் வெளியே கொண்டுவந்து படத்தின் முன்னால் வைப்பார். அதைத் துடைக்கும் வேலை எனக்கு. துடைக்கிற வேலைக்குக் கையின் ராசியை யாரும் பார்ப்பதில்லை. மாமி அன்று முன்னதாகவே கிளம்பிவிட்டார். போகிறபோது, “நன்னாத் துடை. ஆனா ஒண்ணையும் அமுக்கிடாதே கேட்டோ” என்றார். நான் துடைத்தேன், சந்தனம் வைக்க இடம் விட்டேன், அண்ணாச்சி மெயினை அணைத்த பிறகு ஒயரைச் செருகினேன், அண்ணாச்சி கொடுத்த பட்டுத் துணியைப் போர்த்தினேன். திரையின் அடியில் இருந்த பொத்தானில் துணி பட்டிருக்க வேண்டும். திரையை மட்டும் மாமி தினமும் அணைத்துவிட்டுப் போகும் பொத்தான் அது. பிறகு அண்ணாச்சி கடையைப் பூட்டினார். நான் பூட்டை இழுத்துப் பார்த்தேன்.

விஜயதசமி காலையில் பூஜை எடுக்க எல்லோரும் வந்துவிட்டோம். அண்ணாச்சி, அவர் மனைவி, சுமட்டுக்காரர்கள். பொரி, கடலை, கரும்பு எல்லாம் தட்டில் இருந்தன. மாமி வந்து முதலில் கம்ப்யூட்டரைத் தொட்டுத் தொடங்கினால்தான் மற்றவர்கள் தங்கள் பொருளைத் தொடலாம். அதுதான் முறை. மாமி வரவில்லை. விளக்கு வெளிச்சம் போதாது என்று அண்ணாச்சி மெயின் சுவிட்சைப் போட்டார்.

பட்டுத் துணிக்கு அடியில் ஏதோ முனகிற்று. காற்றாடி சுற்றுகிற சத்தம். பிறகு துணிக்குள்ளிருந்து வெளிச்சம் எழுந்தது, மஞ்சள் பட்டின் சரிகை பளபளத்தது. அண்ணாச்சியின் மனைவி “அம்மே” என்று நெஞ்சில் கைவைத்தார். அண்ணாச்சி துணியை விலக்கினார். திரையில் கடையின் பெயர், அன்றைய தேதி, ஓரத்தில் பச்சைப் புள்ளி.

“ஏ பிள்ள,” என்றார் அண்ணாச்சி மெதுவாக. அவர் கத்தியிருக்கலாம். “நீதானட்டி தொடச்ச? என்னத்தப் போட்டு அமுக்குன?”

“நான் ஒண்ணும் அமுக்கல்ல அண்ணாச்சி. தொடச்சேன், துணியப் போட்டேன். அம்புட்டுதான்.”

“அப்பம் பச்ச எப்படி வந்துச்சு? மாமி கை படாம அது எந்திரிக்காதுல்லா?”

எல்லோரும் என் கையைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. எங்கேயோ தொட்டிருப்பேன், எதையோ அமுக்கியிருப்பேன், நான் செய்யாமல் இது எப்படி நடக்கும்?

அப்போது மாமி வாசலில் நின்றார். தலையில் ஈரம், பிச்சிப் பூ. ஒரு செருப்பைக் கழற்றியிருந்தார், இன்னொன்று காலில் இருந்தது. திரையைப் பார்த்தார். பச்சைப் புள்ளியைப் பார்த்தார். அவர் முகத்திலிருந்து இரத்தம் இறங்கியதை நான் பார்த்தேன். பிறகு என்னைப் பார்த்தார். அவர் பேசுவார் என்று நினைத்தேன். அன்று சைபரை அழித்ததுபோல இதையும் இல்லாமல் ஆக்கிவிடுவார் என்று நினைத்தேன்.

“நான் எப்பவும் சொல்றதுதானே அண்ணாச்சி,” என்றார். “அவளைத் தொட விடாதேங்கோன்னு.”

பொரித் தட்டு எனக்கு வரவில்லை. அண்ணாச்சி கடைவாசல்வரை என்னோடு வந்தார். “நாளைல இருந்து வராண்டாம் பிள்ள. மனசுல வச்சுக்கிடாத. ஏவாரம்னு ஒண்ணு இருக்குல்லா.” மூத்த சேட்டன் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

சில நாள் கழித்துத் தம்பானூர் பஸ் நிலையத்தில் ஷிபு என்னைப் பிடித்துவிட்டான். நடந்ததை யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவன் என் கண்ணைப் பார்க்காமல் பேசினான்.

“சேச்சி ஒண்ணும் தொடலைன்னு எனக்குத் தெரியும். அது ஞான் செய்து கொடுத்ததாணு.”

“நீயா? எப்ப?”

“ஆடி மாசம். மாமி லீவு முடிஞ்சு வருந்நதுக்கு முன்னே என்னை வீட்டுக்கு விளிச்சு. ‘மோனே, கரண்ட் வந்தா அது தானா எழுந்துக்கணும், சர்வரும் தானாத் தொடங்கணும், என் விரல் அதுல படவே கூடாது’ன்னு சொன்னார். அண்ணாச்சிக்கு இஷ்டமில்லையேன்னு கேட்டேன். ‘என் கை இனி ஆகாது, அந்தக் கடை கெடக்கூடாது, யாரண்டயும் சொல்லாதே’ன்னு பறஞ்ஞு. பின்னே கரஞ்ஞு, சேச்சி. குறே நேரம் கரஞ்ஞு.”

அழுதாராம். ஷிபுவுக்கு அதன் அர்த்தம் தெரியவில்லை. எனக்குப் பஸ் நிலையத்தின் சத்தமெல்லாம் எங்கோ போய்விட்டது. லீவு, மெலிவு, பெரிய குங்குமம், எட்டாத நாள்காட்டி, தலைப்புக்குள் மறைந்த கை, எல்லாம் வரிசையாக வந்து நின்றன. மாமா தேறவில்லை. ஆடியிலிருந்து மாமியின் கையும் என் கையும் ஒரே கை. அது தெரிந்த ஒரே ஆள் மாமி. கடைக்குக் கேடு வரக்கூடாது என்று கம்ப்யூட்டரைத் தன் விரலிலிருந்து விலக்கி வைத்தார். அந்த அளவுக்கு நேர்மை. வேலை போகக்கூடாது என்று தினமும் தொடங்குவதுபோல நடித்தார். அந்த அளவுக்குப் பயம். பயம் எனக்குப் புரியும். பயத்தில் நான் அவரைவிடப் பெரியவள். ஆனால் அந்த மாதங்களிலும் “நீ வைக்காதே” என்று எப்படி என்னிடம் சொல்ல முடிந்தது என்பதுதான் இன்றுவரை எனக்குச் செரிக்கவில்லை.

இன்னொன்றும் அப்போது உறைத்தது. அந்த மாதங்களில் அண்ணாச்சி மெயினைப் போட்ட நிமிஷமே சர்வர் எழுந்துவிட்டிருக்கிறது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த ஒன்று எப்போது ஓடும் என்று கடை முழுக்கத் தினமும் காத்திருந்தோம். நான் ஒருநாளாவது தைரியமாக என் சுவிட்சைப் போட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

“அண்ணாச்சிகிட்ட நீ சொல்லலையா ஷிபு?”

“மாமிக்கு வாக்கு கொடுத்தது சேச்சி. ஏதோ செட்டிங் தெத்திப்போச்சுன்னு அண்ணாச்சிட்ட சொல்லி, பழையபடி ஆக்கிட்டேன்.”

மாமிக்கு வாக்குக் கொடுக்க ஒருவன் இருந்தான். ஆனாலும் அவன் கெட்டவனில்லை. தம்பானூரில் ஒரு லாட்ஜின் கம்ப்யூட்டர்களை அவன்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே வரவேற்பு மேசையில் என்னை உட்காரவைத்தான்.

அண்ணாச்சியிடம் போய் நான் சொல்லியிருக்கலாம். பலமுறை கிளம்பி, பழவங்காடிப் பிள்ளையார்வரை நடந்து, திரும்பியிருக்கிறேன். இரக்கப்பட்டுத் திரும்பவில்லை. சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொண்டே நடந்ததில் கால் தானாகத் திரும்பியது. சொன்னால் என் கை நல்ல கை ஆகிவிடாது. கெட்ட கை இரண்டாகும், அவ்வளவுதான்.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு மத்தியானம் மாமி லாட்ஜுக்கு வந்தார். குடையை மடக்காமல் வாசலிலேயே நின்றார். நான் பேசவில்லை. அவர்தான் தொடங்கவேண்டும், அதுதானே முறை.

“என்னடீ, சௌக்யமா?”

“இருக்கேன் மாமி.”

“ஷிபு உன்கிட்ட உளறிட்டானாம். என்கிட்டயே ஒத்துண்டான்.” குரலைத் தாழ்த்தினார். “அண்ணாச்சிட்ட சொல்லிடாதே கேட்டோ. எனக்கு வேற போக்கு இல்லை.”

மன்னிப்புக் கேட்க வந்தாரென்று நான் ஒரு நிமிஷம் நினைத்தது என் முட்டாள்தனம்.

“மாமா ஆடியிலயா மாமி?”

தலையை ஆட்டினார். “அவர் அங்க வேற குடித்தனமா இருந்தார். நான் போனப்போ எல்லாம் முடிஞ்சிருந்தது. பாக்கக்கூட விடலை.” குங்குமத்தைத் தொடப் போன விரல் பாதியில் நின்றது. “இப்போ தினமும் என் கையாலதான் தொடங்கறேன், தெரியுமோ? வேற வழி வைக்கலை அண்ணாச்சி. வியாபாரம் பாதியாப் போச்சு. என் கையாக்கும் அது. எனக்குத் தெரியறது.”

பக்கத்தில் பெரிய சூப்பர் மார்க்கெட் திறந்ததிலிருந்து அந்த வரிசையில் எல்லாக் கடைக்கும் வியாபாரம் பாதிதான். லாட்ஜில் தங்க வருகிற சரக்கு வியாபாரிகள் தினமும் அதைத்தான் புலம்புகிறார்கள். அதை மாமியிடம் சொல்ல வாய்வரை வந்தது. சொல்லவில்லை.

“அப்ப அன்னிக்கு என் கையச் சொன்னது?” என்று கேட்டேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. “ரெண்டும் ஒண்ணுன்னு தெரிஞ்சுதானே சொன்னீங்க?”

மாமி குடையின் நுனியிலிருந்து சொட்டுகிற தண்ணீரைப் பார்த்தார். “ஒண்ணுதான். ஆனா உன்னோடது ஊருக்குத் தெரியும்டீ. என்னோடது தெரியாது. அவ்வளவுதான் வித்யாசம்.”

அதற்குமேல் கேட்க ஒன்றுமில்லை. ஒரு பயணி பையோடு வந்து அறை கேட்டார். அந்த நேரம் பார்த்து இடி இடித்துக் கரண்ட் போனது. திரை இருண்டது. பயணி பையைக் கீழே வைத்தார். மாமி போகவில்லை, மழை வலுத்திருந்தது. இருட்டில் மூவரும் நின்றோம்.

கரண்ட் வந்தது. ஷிபு வைத்துக் கொடுத்தபடி கம்ப்யூட்டர் தானாக எழுந்தது. சர்வர் தானாகத் தொடங்கிற்று. காலி அறைகளின் பட்டியல் திரையில் விரிந்தது.

“தொடங்கியாச்சு, போடு” என்றார் மாமி.

யாரும் அவரைக் கேட்கவில்லை. வாய்ப் பழக்கம். சொன்னபிறகு அவருக்கே தெரிந்து, குடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மழையில் இறங்கிவிட்டார்.

“சேச்சி, ரூம் உண்டோ?” என்றார் பயணி, இரண்டாம் முறையாக. மாமி குரல் கொடுப்பதற்கு வெகுநேரம் முன்பே பட்டியல் வந்திருந்தது. அவ்வளவு நேரமும் என் இரண்டு கைகளும் மேசைக்கு மேலே, எதையும் தொடாமல், அந்தக் குரலுக்காகக் காத்து நின்றிருக்கின்றன.